இரும்பருக்கு ஒரு நோய் தேவை

இரும்பருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது.

இரும்பர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரீஸும் தூசியுமாக ஆயுசைக் கழித்தவர் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. தும்மினால்கூட ஒற்றைத் தும்மல்தான். கூட வேலை பார்த்தவர்கள் கண் வைத்து வைத்த பெயர் அது. அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவர் மனைவி அப்படியல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, பித்தப்பையில் கல் என்று ஊரில் உள்ளதெல்லாம் அந்த அம்மாளிடம் உண்டு. மருத்துவ ஃபைல் தலையணை கனம். மாத்திரை டப்பாவைத் திறந்தால் கடை விரித்த மாதிரி இருக்கும். "இதையே சாப்பிட்டா வயிறு நிறைஞ்சிடுமே, சோறு எதுக்கு?" என்று கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்தவர் இரும்பர்.

வெளிநாட்டில் இருக்கிற மகள் இருவரையும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். குடியிருப்பு விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இருவரும் ஒரே நாளில் மனுப் போட்டார்கள். மனைவிக்கு உடனே பாலிசி வந்தது. மகாராணி மாதிரி விமானம் ஏறிப் போய்விட்டாள். இரும்பரின் மனு திரும்பி வந்தது.

"மனுதாரருக்கு மருத்துவ வரலாறு ஏதும் இல்லாத காரணத்தால், அன்னாரின் உடல்நிலை மதிப்பீட்டுக்கு உகந்ததாக இல்லை."

இரும்பர் கடிதத்தை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு மேலாளர், கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார்."

"அதைத்தான் நாங்களும் எழுதியிருக்கோம்."

"அப்ப பாலிசி கொடுக்க வேண்டியதுதானே?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"என்னைப் பாருங்க. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

"பார்க்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல சார். படிக்கத்தான் அதிகாரம். படிக்க நீங்க ஒண்ணும் கொண்டுவரலயே?"

இரும்பர் பல்லைக் கடித்தார். "என் சம்சாரத்துக்கு இல்லாத வியாதி இல்ல. அவளுக்குக் கொடுத்தீங்க."

மேலாளர் முகத்தில் பக்தி தெரிந்தது. "அந்தம்மா ஃபைலா! அது ஃபைல். சர்க்கரையா, அதுக்குப் பணம் தரமாட்டோம். பித்தப்பையா, தரமாட்டோம். எல்லாத்தையும் நீக்கிட்டுச் சுத்தமா ஒரு பாலிசி கொடுத்தோம். உங்களுக்கு எதை நீக்கறது? எதைக் கொடுக்கமாட்டோம்னு தெரிஞ்சாத்தானே சார், எதைக் கொடுப்போம்னு சொல்ல முடியும்? அந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"அதுல 'இல்லை'ன்னு போடுங்க."

"இல்லைங்கறது வியாதி லிஸ்ட்டுல இல்லை."

இரும்பர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லாததால் அவரே குறைத்துக்கொண்டார். அதில் ஒரு சுவையும் இல்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் வள்ளென்று விழுந்திருப்பார். யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசிக்குள் காப்பீட்டைக் காட்டாவிட்டால் விசா மனு காலாவதி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மனைவி ஃபோன் செய்தாள்.

"என்னங்க, ஆச்சா?"

"ஆகல. எனக்கு வியாதி இல்லையாம்."

சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"என் மாத்திரை டப்பாவைப் பார்த்து என்ன பேச்சு பேசினீங்க! இப்ப தெரியுதா? நாலு இடத்துக்குப் போற வர்ற மனுஷனுக்கு நாலு வியாதி வேணும்."

"ஃபோனை வை."

"கோபப்படாதீங்க. சின்னதா ஒரு பிரஷர் வாங்கிக்கோங்க. அதிகம் வேணாம், ஆரம்ப நிலை போதும். கோபம் வேற வருது, பொருத்தமா இருக்கும். சீக்கிரம் வாங்க. இங்க எனக்கும் பேச்சுத் துணை இல்ல."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் இரும்பர் மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு விசா ஆலோசகரிடம் போனார்.

ஆலோசகர் கண்ணாடி அறையில் இருந்தார். சுவரில் விமானப் படம். விஷயத்தைக் கேட்டதும் ஜவுளிக்கடைக்காரர் மாதிரி விரிக்க ஆரம்பித்தார்.

"பிரஷர் வேண்டாம் ஐயா. பழைய மாடல். எல்லாரும் வெச்சிருக்காங்க. இப்ப வைட்டமின் குறைபாடுதான் நல்லாப் போகுது. பெரிய மனுஷங்க எல்லாம் அதான். இல்லன்னா தூக்கக் கோளாறு பாருங்க. ராத்திரி மூக்குல மாட்ட ஒரு மெஷின் தருவாங்க, கௌரவமா இருக்கும்."

"எதைச் சொல்றேனோ அதுக்குப் பணம் தரமாட்டான். அப்படித்தானே?"

"கண்டிப்பா."

இரும்பர் யோசித்தார். முட்டாள் அல்ல அவர். "அப்ப எனக்கு இந்த ஜென்மத்துல எது வரவே வராதோ, அதைக் கொடு."

"எது வராது?"

"லிஃப்ட் பயம்."

ஆலோசகர் எழுந்து நின்று கை கொடுத்தார். இவ்வளவு தெளிவான வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லையாம்.

ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆலோசகருக்குத் தெரிந்த டாக்டர்.

"லிஃப்ட்டுல ஏறினா என்ன ஆகுது?" என்றார் டாக்டர்.

"மேல போகுது."

"உங்களுக்கு என்ன ஆகுது?"

"எனக்கு என்ன ஆகும்? நானும் மேல போறேன்."

ஆலோசகர் இரும்பரின் காலை மிதித்தார். "நெஞ்சு படபடங்குதாம் டாக்டர். சொல்ல வெக்கப்படறாரு."

டாக்டர் மனுவைப் பார்த்தார். "தொழில் லிஃப்ட் மெக்கானிக்னு இருக்கே?"

"அதேதான் டாக்டர்! தொழிலால வந்த வியாதி."

டாக்டர் மனம் கசிந்து எழுதிக் கொடுத்தார்.

காப்பீட்டு மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். முதல் முறையாகத் திரையைவிட்டுக் கண்ணை எடுத்து இரும்பரைப் பார்த்தார். "வாழ்த்துகள் சார்" என்றார். கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போனது.

பாலிசியில் இப்படி அச்சடித்திருந்தது: "மின்தூக்கியின் உள்ளே, வெளியே, மேலே, கீழே, மற்றும் மின்தூக்கியை எண்ணுவதாலோ தவிர்ப்பதாலோ நேரிடக்கூடிய எவ்வகை உபாதைக்கும் இந்நிறுவனம் பொறுப்பாகாது. பாலிசிதாரர் மின்தூக்கியில் பயணிப்பதாகவோ அதனைக் கையால் தொடுவதாகவோ அறியப்படின், தகவலை மறைத்தவராகக் கருதப்பட்டு பாலிசி ரத்தாகும்."

இரும்பர் மேலோட்டமாகப் பார்த்து மடித்து வைத்தார். வேண்டியது முத்திரை.

விசா அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். இரும்பரே பல தடவை பிரித்துப் பூட்டியது. அதைப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி கை நீண்டது. மடக்கிக்கொண்டார். ஒவ்வொரு மாடியிலும் கேமரா. படியேறினார்.

மேலே மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விசா அதிகாரி நாற்காலியில் இல்லை. இந்த அதிகாரிக்கு ஒரு வழக்கம். முத்திரையை மேசையில் வைத்தால் யாராவது குத்திவிடுவார்கள் என்று, போகிற இடமெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். சாப்பிடப் போனாலும் சரி, கை கழுவப் போனாலும் சரி. இப்போது அந்த முத்திரையோடு ஒரு மாடி கீழே, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இரும்பர் இறங்கிப் போய்ப் பார்த்தார். லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், ஆள் நெஞ்சு உயரத்தில், அதிகாரியின் பளபளக்கும் பூட்ஸ் தெரிந்தது. அலுவலகமே கூடி நின்றது.

தலைமை எழுத்தர் நிலைமையை விளக்கினார். "ரிப்பேர் கம்பெனிக்குக் கடிதம் போகணும். கடிதத்துல அதிகாரி கையெழுத்துப் போடணும்."

"அவர் உள்ள இருக்காரே?"

"அதனால அவர் வெளிய வந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்பிடுவோம்."

இரும்பர் ஒரே பார்வையில் கோளாறைக் கண்டுகொண்டார். யாரோ அந்த மாடிக் கம்பிக் கதவை முழுசாக இழுத்துச் சாத்தவில்லை. ஒரு விரல்கடை இடைவெளி; அது மூடாமல் லிஃப்ட் நகராது. அத்தனை பேரும் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கதவு சாத்துவது யார் வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை.

அவர் கை துடித்தது. உடனே தலைக்கு மேல் கேமரா ஞாபகம் வந்தது. சட்டென்று லிஃப்ட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"யாருய்யா அது?" என்றன பூட்ஸ்.

"விசாவுக்கு வந்தவன்."

"மனு வாங்கற நேரம் முடிஞ்சது. சாயங்காலம் வாங்க."

"வரேன் சார். நீங்க வருவீங்களா?"

பூட்ஸ் ஓர் அடி பின்வாங்கியது.

"எனக்கு லிஃப்ட் வேலை தெரியும் சார். ஒரு நிமிஷத்துல கிளப்பிடுவேன். ஆனா தொடக்கூடாது. லிஃப்ட்னா எனக்குப் பயம். டாக்டர் எழுதியே கொடுத்திருக்காரு."

"பயத்தை விடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"பயத்தை விட்டா பாலிசி போயிடும். பாலிசி போனா விசா போயிடும். விசாவை முடிச்சிட்டா, பயத்தைப் பத்திப் பேசலாம்."

இரும்பர் திரும்பிப் பார்க்காமலே காகிதங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் நீட்டினார். கம்பிகளின் ஊடே ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. டப் டப் என்று சத்தம். எல்லாப் பக்கத்திலும் விழுந்தது. வழக்கமாக நடக்கும் விசாரணை, சந்தேகம், இன்னொரு நகல் எதுவும் இல்லை. காகிதம் திரும்பி வந்தது.

இரும்பர் மடித்துப் பையில் வைத்தார். பிறகு, முதுகைத் திருப்பியபடியே, குதிகாலால் கம்பிக் கதவை ஓர் உதை விட்டார். கதவு பொருந்தியது.

"பட்டனை அமுக்குங்க சார்."

பூட்ஸ் மெல்ல மேலே போனது.

"லிஃப்ட்டைத் தொட்டுட்டீங்களே?" என்றார் தலைமை எழுத்தர்.

"கையாலதான் தொடக்கூடாது. இது பயத்துல உதறின கால்" என்று சொல்லிவிட்டு இரும்பர் படியிறங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

மகள் வீடு வானத்தைத் தொடும் அடுக்குமாடியின் கடைசித் தளத்தில். அங்கே லிஃப்ட் கண்ணாடியில் செய்தது. சத்தமே இல்லை. பேசும், வணக்கம் சொல்லும். இரும்பர் அதன் முன் கண் கலங்கி நின்றார். "அப்பா, கேமரா இருக்கு!" என்றாள் மகள்.

இரும்பர் தினமும் படியேறினார். சர்க்கரையும் பித்தப்பைக் கல்லும் உள்ள அவர் மனைவி காய்கறிப் பையோடு லிஃப்ட்டில் போய், மேலே நின்றுகொண்டு, "வந்துட்டீங்களா? மெதுவா வாங்க" என்றாள். இரும்பருக்குச் சண்டை போட ஆள் கிடைத்துவிட்டது. சண்டை போட மூச்சுத்தான் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளில் இரண்டு முழங்காலும் வீங்கின. வாழ்க்கையில் முதல் முறையாக நிஜ வியாதியோடு டாக்டரிடம் போனார். பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினாள் மகள். பதில் மரியாதையாக வந்தது.

"தங்களது முழங்கால் வலி, மின்தூக்கியைத் தவிர்த்ததால் நேர்ந்தது. மின்தூக்கியைத் தவிர்த்தது, தங்களது நோயால் நேர்ந்தது. ஆகவே தொகை வழங்க இயலாது. எனினும் தங்களுக்கு நல்லதொரு மருத்துவ வரலாறு உருவாகி வருவது குறித்து மகிழ்கிறோம். அடுத்த ஆண்டு முதல் முழங்கால்களும் நீக்கப்படும்."

மனைவி உள்ளே போய்ப் புதிதாக ஒரு ஃபைலும், அறைகள் பிரித்த ஒரு மாத்திரை டப்பாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

சிரிக்கிறவர்கள் தங்கள் பாலிசியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். எழுத்து பொடிசு. கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு அதில் பணம் கிடையாது.