மூன்றாம் தட்டு

"அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சுங்க," என்று மாதம்மாள் அந்த இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று புளியோடு சேர்த்து அதையும் வெயிலில் போட்டிருந்தாள். எட்டில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்போம் என்பது அவளுடைய முன்யோசனை. தர்மபுரிச் சித்திரை வெயிலுக்குப் புளி வேறு, சங்கீதம் வேறு என்று தெரியவில்லை.

அவள் புருஷன், தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா சென்றாயன், தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத் தாசில்தார் சவுரியப்பன் அன்று சாயங்காலம் அந்தத் தட்டு இருந்த கச்சேரிப் பெட்டியைக் கேட்க வருகிறார். மூடியில் எட்டுத் தட்டுகள் என்று பொன்னெழுத்து வேறு.

இப்படிப் பட்டணத்திலிருந்து ரயிலில் வரவழைத்த பெட்டிகள் சென்றாயனிடம் ஐந்து இருந்தன. கடத்தூர் வரை அவருக்குச் 'சங்கீத ரசிகர்' என்று பெயர். பெட்டிகளைத் துடைப்பார், அடுக்குவார், வந்தவர்களுக்கு மூடியைக் காட்டுவார். போட்டால் தேய்ந்துவிடும் என்பார். உண்மையில் அவருக்கு எல்லா ராகமும் ஒன்றுதான். கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டினால், அரை மூச்சு தள்ளித் தானும் ஆட்டிவைப்பார். இன்று பக்கத்து நாற்காலி தாசில்தாருடையது. அது ஒன்றுதான் தைரியம்.

வளைந்த தட்டின்மேல் அம்மிக்கல்லை ஏற்றினார். தட்டு நிமிர்ந்தது, கூடவே இரண்டாகவும் ஆயிற்று. ஆபீஸ் முத்திரை அரக்கை உருக்கி ஒட்டினார். ஒட்டிய இடத்தில் கரப்பான்பூச்சி கனத்துக்கு ஒரு மேடு எழும்பியது.

"மேல சர்க்கார் முத்திரையையும் குத்திருங்க. அப்புறம் ஏன்னு யாரு கேப்பாங்க," என்றாள் மாதம்மாள்.

தாசில்தார் வந்தார், பின்னால் அவருடைய ஏவலாள், டபேதார் முனியப்பன். கிராமபோனில் முதல் தட்டு பாடியது. தாசில்தார் தலையை அசைக்கவே இல்லை. சென்றாயனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதிக்கிறாரோ? சென்றாயனும் அவரையே பார்த்தார். ஒருவழியாகக் கொசு கடித்துத் தாசில்தார் கழுத்தை நெளிக்க, சென்றாயன் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்ட ஆரம்பித்தார்.

மூன்றாம் தட்டில் ஊசி மேட்டில் மோதித் திரும்பியது. 'ரீ... டக். ரீ... டக்.' அதற்குமேல் நகரவில்லை. எழுந்து தள்ளிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டக்குக்கும் உருகி உருகித் தலையாட்டினார், கிராமபோன் ஸ்பிரிங் தளர்ந்து ஓயும்வரை. ஓரக்கண்ணால் பார்த்தார், தாசில்தாரும் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தார். நையாண்டிதான், சந்தேகமில்லை.

மிச்சத் தட்டுகளையும் கேட்டுவிட்டுத் தாசில்தார் கும்பிட்டுப் போனார். நாளைக்கு ஆபீஸே சிரிக்கும் என்று சென்றாயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முனியப்பன் மட்டும் திரும்பி வந்திருந்தான்.

"வெளிய சொல்லிராதீங்க. எங்க ஐயா வூட்டுலயும் இதே மாதிரிப் பெட்டி ஆறு, கட்டுப் பிரிக்காமக் கெடக்குதுங்க. எந்த எடத்துல தலையாட்டணும்னு உங்களைப் பாத்துக் கத்துக்கத்தான் வந்தாரு. அந்த மூணாவது தட்டை மட்டும் எரவல் வாங்கியாரச் சொன்னாரு. அது ஒண்ணுதான் அவருக்கு நல்லாப் புரிஞ்சுதாம்."