மாமா கொடுத்த ரேசரும் பிடிபடாத குரங்கும்

வாசலூர்பட்டி,
கொல்லிமலை.
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் சந்தோஷ்குமார் பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும், தங்கள் மகள் கலைச்செல்வியும், என் அம்மாவும், மாடுகளும், பலா மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மழை ஓய்ந்து நேற்றிலிருந்து வெயில் முகம் காட்டுகிறது. அங்கே சேந்தமங்கலத்தில் தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் வலி புதுத் தைலத்துக்குக் கட்டுப்பட்டதாகக் கலைச்செல்வி சொன்னாள். மகிழ்ச்சி.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போன் போட்டால் தாங்கள் எடுத்து, "ஆங், மாப்ள, இருங்க, அத்தகிட்டக் குடுக்கறேன்" என்கிறீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தாங்கள் என்னிடம் போனில் பேசியது அவ்வளவுதான். இது சவரம் சம்பந்தப்பட்ட விஷயம். அத்தையிடம் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது வேட்டி, சட்டை, பலகாரம் எல்லாவற்றையும் அத்தைதான் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தாங்கள் பக்கத்தில் நின்றீர்கள். சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் என்னை மட்டும் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றியிருந்த அந்தப் பித்தளை ரேசரை எடுத்து நீட்டினீர்கள். "லாரி ஓட்டறப்ப நாக்பூர்ல ஒரு பழைய சாமான் கடையில வாங்குனதுங்க மாப்ள. இப்பக் கை நடுங்குது. நீங்க வெச்சுக்கங்க" என்றீர்கள். அவ்வளவு நீளமாகத் தாங்கள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பெண் கேட்டு வந்தபோது, இத்தனை வளைவு ஏறிப் போகும் ஊருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று தாங்கள் ரொம்ப நாள் யோசித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் இந்த ரேசரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாவிட்டால் மருமகன் என்று சொல்லிக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று மலை ஏறும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளே செம்மேட்டுக்குப் போய் பிளேடு பாக்கெட் வாங்கிவந்து, ரேசரின் பிடியைத் திருகிக் கழற்றி, மேல்மூடி, அடித்தட்டு, பிடி என்று மூன்றையும் துண்டில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளேடின் மேல் இருந்த காகிதத்தைப் பிரித்தேன், இடையில் வைத்தேன், திருகினேன். முகம் முழுக்கச் சோப்பு நுரை. மாமா, என்ன சொல்வது, வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி ஓடியது. எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை, பிளேடு இருப்பதே தெரியவில்லை. ஆகா, மாமா இத்தனை வருடம் இதையா வைத்திருந்தார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கலைச்செல்வியிடம் கன்னத்தைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சோப்பு மட்டுந்தான் போயிருக்குது. முள்ளு அப்படியே இருக்குது" என்றாள். கழற்றிப் பார்த்தால், வெளிக் காகிதத்துக்கு உள்ளே பிளேடைச் சுற்றி இன்னொரு மெழுகுத்தாள் இருந்திருக்கிறது. நான் அந்தத் தாளால்தான் சவரம் செய்திருக்கிறேன்.

சரி, மெழுகுத்தாளையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இங்கேதான் தப்பு நடந்தது. இதுவரை நான் பிடித்ததெல்லாம் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ரேசர், அதை அழுத்தி இழுத்தால்தான் வேலை நடக்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் மரவள்ளிக் கிழங்கு சீவுகிற மாதிரி அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். அப்புறம் எங்கே தொட்டாலும் சிவப்பு, தாடையில், மூக்குக்குக் கீழே, தொண்டைக்குழியில். அதோடு எங்கள் வீட்டுக் கண்ணாடி முழுக்கத் தங்கள் மகள் ஒட்டி வைத்த பொட்டுகள். எது ரத்தம், எது பொட்டு என்று தெரியாமல் காயமே படாத நெற்றியை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்த அம்மா, "அசையாத சாமி, காப்பித்தூள் வெச்சா நின்னுரும்" என்று டப்பாவோடு வந்து முகமெல்லாம் அப்பிவிட்டார். ரத்தம் நின்றது உண்மைதான். ஆனால் தூள் காய்ந்து பொருக்காகி ஒட்டிக்கொண்டது. கழுவினால் மறுபடி ரத்தம் வரும் என்று பயந்து, அப்படியே வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலை தங்களுக்குத் தெரியும். இங்கே ஏரியில் படகு விடும் இடத்தில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுப் படகைத் தள்ளிவிடுவது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு அம்மா, ஜாக்கெட் மாட்டும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மூஞ்சியெல்லாம்?" என்று கேட்டார்கள். மாமனார் கொடுத்த ரேசர் கிழித்துவிட்டது என்று சொன்னால் தங்களுக்கல்லவா கெட்ட பெயர்? ஆகவே, "ஒண்ணுமில்லீங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கம்பிவேலியில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று அவர்கள் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பார்த்துக் கீழே குதித்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள், குரங்கைப் பார்த்தார்கள், ஜாக்கெட்டோடு காருக்கு ஓடிவிட்டார்கள். ஜாக்கெட்டைத் திரும்ப வாங்குவதற்கே நான் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அந்தக் கார் கிளம்பும் முன் பக்கத்துக் காருக்குச் சொல்லி, அந்தக் கார் அன்னாசிப்பழக் கடைக்குச் சொல்லி, மத்தியானத்துக்குள் படகுக்காரன் கன்னத்தைக் குரங்கு பிய்த்துவிட்டதாம், தையல் போட்டிருக்கிறதாம் என்று ஆகிவிட்டது. வருகிற கார்களெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பின. படகெல்லாம் கரையில் கட்டியபடி ஆடிக்கொண்டு நின்றன. டிக்கெட் கொடுக்கும் காளியண்ணன், "ஏம்ப்பா, நெசமாவே கடிச்சுதா, காலைல நல்லாத்தான வந்த?" என்று கேட்டான். காலையிலேயே இப்படித்தான் வந்தேன், அவன்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் வனத்துறை ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்னால் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம். இறங்கிய இரண்டு பேரில் பெரியவர் என்னிடம் வந்து, "கடிச்சது எதுன்னு அடையாளம் காட்டுங்க" என்றார். வேலிமேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மாமா, பாவம், அதுகளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. எதைக் காட்டுவது? நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "பயந்துட்டாரு போல. வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரில ஊசி போட்டுட்டு வந்துரலாம். ஒரு ஊசியோட விடமாட்டாங்க, தொடர்ந்து போடணும்" என்றார்.

ஊசி என்று கேட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. "குரங்கு இல்லீங்க, எங்க மாமனாருங்க" என்றேன்.

ரேசர் என்ற சொல் பயத்தில் விட்டுப்போய்விட்டது. அவர் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "மாமனாரா கடிச்சாரு?" என்றார். "கடிக்கலீங்க. ரேசருங்க" என்றேன். "மாமனாரு எதுக்குங்க ரேசர எடுத்தாரு, எதுனா சண்டையா, புகார் குடுத்திருக்கீங்களா?" என்று அவர் கேட்க, இல்லீங்க, எங்க மாமா தங்கமானவருங்க, தீபாவளிக்குக் குடுத்தாருங்க என்று நான் சொல்ல, தீபாவளிக்கு இப்படியா கொடுப்பார்கள் என்று கூட வந்தவர் கேட்க, மெழுகுத்தாளிலிருந்து காப்பித்தூள் வரைக்கும் முழுவதையும் ஆதியோடந்தமாக ஒப்பித்து முடித்தபோது காளியண்ணன் டிக்கெட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் குரங்கு ஒன்று கூண்டின் கம்பிக்குள் கையை விட்டு வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்துக்கே பரிமாறிவிட்டது. இந்தக் களேபரத்தில் தங்கள் பெயர் கொஞ்ச நேரம் அடிபட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரேசரைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, "இது எனக்குச் சரிப்படாது, அடுத்த தடவை போறப்ப மாமாகிட்டயே குடுத்துரலாம்" என்று கலைச்செல்வியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டாள், பேசாமல் போய்விட்டாள். தங்கள் மகள் பேசினால் சமாளிக்கலாம், பேசாமல் இருந்தால் என்னால் முடியாது.

காயமெல்லாம் ஆறிய பிறகு ஒரு நாள் காலையில் அவளே முக்காலியைப் பலா மரத்தடியில் போட்டு, வெந்நீர் கொண்டுவந்து வைத்து, "உக்காருங்க" என்றாள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து என் முகத்தில் போட்டாள். "அப்பா அழுத்தவே மாட்டாரு. லாரிய வாசல்ல நிறுத்தி, லாரிக் கண்ணாடியப் பார்த்துப் பண்ணுவாரு. நாந்தான் தண்ணி டம்ளர் புடிச்சுட்டு நிப்பேன். ரேசரு அதோட கனத்துக்கு அதுவே எறங்கோணும், நாம கூடப் போனாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே மேல்மூடியை என் கன்னத்தில் சாய்த்து வைத்து, பிடியை மெல்லக் கீழே இறக்கி, சின்னச் சின்னதாக இழுத்தாள். ராகிக் கதிர் அறுக்கிற மாதிரி சருக், சருக் என்று சத்தம். எனக்குப் பயத்தில் கால் விரல்கள் மடங்கியிருந்தன. வலியே இல்லை. சத்தம் வந்ததால் உள்ளே தாள் இல்லை என்றும் உறுதியாயிற்று. ஒரு கன்னத்தை முடித்ததும் ரேசரை என் கையில் கொடுத்து, "மிச்சத்த நீங்க பண்ணுங்க. எங்கப்பா உங்களுக்குத்தான் குடுத்தாரு" என்றாள்.

பண்ணினேன் மாமா. பைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் முடித்தேன். அம்மா வெளியே வந்து பார்த்து, "எம் பையன் மொகம் இத்தன நாளும் எங்க இருந்துச்சு" என்று கேட்டார். காளியண்ணன் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அன்றைக்கு ஜீப்பில் வந்த பெரியவர் நேற்று இந்தப் பக்கம் வந்தபோது, அந்த ரேசர் சேந்தமங்கலத்தில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். கிடைக்காதுங்க, அது எங்க மாமனாருதுங்க என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

இப்போதெல்லாம் விடிந்ததும் பனி விலகுகிற நேரத்தில் பலா மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகச் செய்கிறேன். நாளில் அதைவிட நிம்மதியான நேரம் எனக்கு வேறில்லை. இனி என் ஆயுசுக்கும் ஒரு நாள்கூட விடாமல் இந்த ரேசரை எடுப்பேன் என்று தங்களுக்கு உறுதி சொல்கிறேன். தாங்கள் பழக்கமாக வாங்கும் பிளேடு இங்கே கிடைக்கவில்லை. பஸ்ஸில் யாராவது வந்தால் நாலைந்து பாக்கெட் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். சோப்பு நுரைக்க ஒரு நல்ல பிரஷ்ஷும் பார்த்து அனுப்பினால் நல்லது. பொங்கலுக்கு வரும்போது என் முகத்தைத் தாங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அறப்பளீஸ்வரர் அருளால் தங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல், முழங்கால் மடங்கி நீண்டு, எல்லா நலமும் கூட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மருமகன்,
சந்தோஷ்குமார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் கலைச்செல்வியும் அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார்கள். வயிற்றுக் கோளாறு என்றுதான் போனார்கள். கோளாறு ஒன்றும் இல்லை மாமா. தங்கள் மகள் முழுகாமல் இருக்கிறாள். அம்மா வந்ததும் வராததுமாக ரேசரைக் கைக்குட்டையோடு எடுத்து, "புள்ள பொறக்கற வரைக்கும் மொகத்துல கத்தி படக் கூடாது சாமி" என்று பரண்மேல் வைத்துவிட்டார். ஆகவே பிளேடு, பிரஷ் எதுவும் வேண்டாம், மேலே எழுதிய உறுதிமொழியையும் இப்போதைக்கு விட்டுவிடவும். பொங்கலுக்கு வரும்போது தாடிக்குள் இருப்பவன் நான்தான். கலைச்செல்வி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து தானே சொல்ல வேண்டுமாம், அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் தாங்கள் அத்தையிடம்கூடச் சொல்லாமல், அவள் சொல்லும்போது அப்போதுதான் கேட்பது போல் இருக்க வேண்டும். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது, முதலில் தங்கள் ஞாபகம்தான் வந்தது.