தலையசைப்பும் ஆலோசனையே

கடத்தூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம். பேர் வேண்டாம், எனக்கும் அங்கே ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது: "நிதித் திட்டமிடல் சான்றிதழ்த் தேர்வில் தேறாத பணியாளர் எவரும் பொதுமக்களின் பணம் குறித்து எவ்வித ஆலோசனையும் வழங்கலாகாது. மீறுவோரின் ஓய்வுகாலப் பலன்கள் நிறுத்திவைக்கப்படும்."

கவுண்டர் கிளார்க் இன்னாசி அதை இரண்டு தரம் படித்தார். ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாதம். இருபத்தெட்டு வருஷமாக அவர் சொன்ன யோசனையில்தான் பாதி ஊர் பிழைத்துக்கிடந்தது. யோசனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "வேண்டாம்யா, ஏமாந்துருவ." அவ்வளவுதான்.

மறுநாளே மாதையன் வந்தார். அந்த வருஷம் தக்காளி விலை எக்குத்தப்பாக ஏறியதில் கையில் மூன்று லட்சம் பார்த்துவிட்ட விவசாயி.

"ஏனுங்க சார், டவுன்ல ஒரு கம்பெனியில லட்ச ரூவா போட்டா மாசம் பத்தாயிரம் தர்றாங்களாம். போர் போட வெச்ச காசு. போடலாங்களா?"

இன்னாசிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேலே புதுசாக மாட்டிய கேமரா முறைத்தது. "கருத்துக் கூற இயலாது" என்றார். சொல்லிக்கொண்டே தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டிவைத்தார்.

சாயங்காலமே தனி அலுவலர் மாதவராஜ் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். தலையசைப்பும் ஆலோசனையே என்று அதில் கண்டிருந்தது.

"சார், அது கழுத்துச் சுளுக்குங்க."

"சுளுக்குக்கு டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"செரி, டீக்கடையில வெச்சுச் சொல்லலாங்களா?"

மாதவராஜ் சுற்றறிக்கையைப் புரட்டினார். "இணைப்பு மூணு. டீக்கடை உட்படன்னு தெளிவா இருக்கு. பாஸ் பண்ணிட்டு எத்தனை வேண்டாம் வேணும்னாலும் சொல்லுங்க."

ஆக, ஒரே ஒரு 'வேண்டாம்' சொல்வதற்காக இன்னாசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சில்வியா போனிலேயே பாடம் எடுத்தாள். காளைச் சந்தை என்றால் பங்கு விலை ஏறுகிறது, கரடிச் சந்தை என்றால் இறங்குகிறது, ஆபத்துப் பசி என்றால் எவ்வளவு நஷ்டத்துக்குத் துணியலாம் என்ற கணக்கு. அப்படியே எழுதினார், ஃபெயில். ராப்பகலாகப் படித்து மறுபடி எழுதினார். மார்க் இன்னும் குறைந்தது.

மாதையன் வாராவாரம் வந்து எட்டிப் பார்ப்பார். இன்னாசி இப்போது கழுத்தைக்கூட அசைப்பதில்லை. ஒரு நாள் வந்தபோது அவர் பழைய வினாத்தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க அது?"

"காளைச் சந்தையில் முதலீட்டாளர் முதலில் கவனிக்க வேண்டியது எது? அ, லாப விகிதம். ஆ, பல்."

"பல்லுதான். அதப் பாக்காம எவன் மாடு புடிப்பான்?"

"கரடிச் சந்தையில்?"

"சத்தம் போடாம பின்வாங்கி வந்துரோணுங்க. பென்னாகரத்துக் காட்டுல எம் மச்சான் அப்பிடித்தான் தப்பிச்சான்."

"ஆபத்துப் பசி எந்த அளவு இருக்கலாம்?"

"பசிக்கு என்னாங்க, ரெண்டு உருண்டை களி."

இன்னாசி துள்ளி எழுந்தார். "யோவ், 'இ'யில அதேதான்யா போட்டிருக்கு!"

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. கேள்விகளைத் தமிழாக்கிய குழு, காளை வந்த கேள்வியை மாட்டு ஆஸ்பத்திரிக்கும், கரடி வந்ததைக் காட்டு இலாகாவுக்கும், பசி வந்ததைச் சத்துணவுக்கும் "உரிய விடை கோரி" அனுப்பியிருந்தது. எந்தத் துறை விலங்கோ அந்தத் துறைக்குத்தானே கோப்பு போகும்? இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இன்னாசி படித்ததையெல்லாம் மறந்துவிட்டுப் போய் எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு!

சான்றிதழ் வந்த அன்று அதைக் கேமராவுக்கு நேராக ஒரு நிமிஷம் பிடித்துக் காட்டினார். அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு மாதையன் வீட்டுக்கே போய் இறங்கினார்.

"மாதையா! வேண்டாம்யா! ஏமாந்துருவ!"

அடடா, சொல்லிவிட்டதும் மனசுக்கு எத்தனை நிம்மதி! ஆனால் மாதையன் முகம் சுண்டிப்போனது.

"போன வாரமே போட்டுட்டனுங்க சார்."

"அடப்பாவி! எவனை நம்பிய்யா போட்ட?"

"உங்களத்தானுங்க. மொத நாளு வேண்டாம்னு தலையாட்டுனீங்க. அப்பறம் அதையும் நிறுத்திட்டீங்க. செரி, விசாரிச்சதுல நல்ல கம்பெனின்னு தெரிஞ்சுருச்சாட்டம் இருக்குன்னு நெனச்சன். உங்க தனி அலுவலரும் போட்டிருக்காருங்க. அந்தக் கம்பெனி செவுத்துல இதே சர்டிபிகேட்டப் பெருசா மாட்டியிருக்குது. அந்த ஓனரு மொத தடவையிலயே நூத்துக்கு நூறாமுங்க."

இன்னாசி தன் தொண்ணூற்றெட்டை நினைத்துக்கொண்டார். "நூறா? எங்கய்யா படிச்சான் அவன்?"

"படிக்கலீங்க. முன்ன மாட்டுத் தரகரா இருந்தவரு."

அந்த மனுஷன் ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லோருடைய பல்லையும் பிடித்துப் பார்த்திருக்கிறான். நான் எவ்வளவு போட்டேன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கருத்துக் கூற இயலாது.