குழல்சாமி குடித்த பீட்ரூட் ஜூஸ்

உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது. கல்யாணமா என்றால் இல்லை, குழல்சாமி வந்திருக்கிறார். பிள்ளைகளை ஆ காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கழுத்தில் பித்தளைக் குழலை வைத்து மறுமுனையில் உறிஞ்சுவார். தொண்டையில் என்றோ சிக்கிய முறுக்கு, கோழி எலும்பு எல்லாம் அவர் வாய் வழியாகத் தட்டில் விழும். தொக்கம் எடுப்பது என்று இதற்குப் பெயர். தோலில் ஓட்டையே இல்லாமல் எலும்பு எப்படி வெளியே வந்தது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

நாற்பத்தேழாம் டோக்கன் நஞ்சுண்டனுடையது. தேங்காய் வியாபாரி. தட்டிப் பார்க்காமல் ஒரு காய் வாங்கமாட்டார். சாமியாரைத் தட்டாமலே நம்பிவிட்டார். பாவம், பயம். ஆறு வயது மகன் மிதுனுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும் மரபணு நோய். உடம்பில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லை. அதனால் கரைய வேண்டிய கழிவு நாக்கிலும் தொண்டைச் சதையிலும் தேங்கி வீங்கி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. டான்சிலை எடுக்க வியாழக்கிழமை கோயமுத்தூரில் நாள் குறித்தாகிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது கஷ்டம், அதற்கென்றே தனி டாக்டர்கள் வருகிறார்கள், நாளைத் தள்ளாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். நஞ்சுண்டன் காதில் விழுந்தது 'கஷ்டம்' மட்டும்தான்.

தொக்கம் எடுத்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று மனைவி அக்ஷயாவிடம் சொல்லிவிட்டார். "சரிங்க, நானும் வாரேன்" என்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. போதாததற்குச் சாமிக்கென்று பிளாஸ்கில் பீட்ரூட் ஜூஸ் வேறு. என்ன பக்தி என்று நஞ்சுண்டன் பூரித்துப்போனார்.

"காலையிலிருந்து உறிஞ்சி வாய் வறண்டிருக்குமுங்க சாமி. ஒரு வாய் குடிச்சுப்போட்டு எடுங்க" என்று அக்ஷயா ஜூஸை ஊற்றி நீட்டினாள்.

சாமி உதட்டை இறுக்கிக்கொண்டு கையை ஆட்டினார். வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. அம்மணி ஆசையாகக் கொடுக்கிறது, குடியுங்கள் என்று மண்டபமே உபசரித்தது. கொங்கு நாட்டு உபசாரத்திலிருந்து தப்பியவர் யார்? குடித்தார்.

அப்புறம் உறிஞ்சினார், துப்பினார். தட்டில் ஒரு தேங்காய்ச் சில்லு, செக்கச்செவேலென்று. ரத்தத்தோடு வந்திருக்கிறது, கொடிய தொக்கம் என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"என்ற பையன் ஜூஸ் குடிக்கலீங்க சாமி, நீங்கதான் குடிச்சீங்க" என்றாள் அக்ஷயா, மரியாதை துளியும் குறையாமல். "வாயைக் கொப்புளிச்சு, ஆன்னு எல்லாருக்கும் காட்டிப்போட்டு, இன்னொருக்கா எடுங்க."

சாமி வாயைத் திறக்கவில்லை. நஞ்சுண்டன் சில்லை எடுத்து முகர்ந்தார். பீட்ரூட் வாசம். நகத்தால் கீறினார். "இன்னைக்குக் காலையில ஒடைச்ச காயி" என்றார். சாமி தெய்வக் குற்றம் என்று முனகியபடி பின்வாசல் வழியாகப் போனார். போகிற அவசரத்தில் அடுத்த டோக்கனுக்கான முறுக்கும் வாயிலிருந்து விழுந்தது. நாற்பத்தெட்டாம் டோக்கன்காரர், சாமி அடுத்த வாரம் வருவாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நோய் போகவில்லை. ஆனால் மூச்சுக்கு வழி கிடைத்தது. மிதுன் தடையில்லாமல் மூச்சு விட்டுத் தூங்குவதை நஞ்சுண்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார், அழுதார்.

அன்று காலை நாற்பத்தாறு பிள்ளைகள் சாமியிடம் வாயைத் திறந்து காட்டினார்கள். சாமியை வாயைத் திறக்கச் சொல்ல ஒரு பெற்றோருக்கும் தோன்றவில்லை. கேளுங்களய்யா. கடித்துவிட மாட்டார். அவர் வாயில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது.