மாமனாரின் உள்ளங்கை

மிரெக் குனிந்து காரின் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தான். முகம் தெரிந்தது. முகத்தைச் சுற்றி ஒரு சிலந்தி வலையும் தெரிந்தது.

எச்சில் தொட்டுத் தேய்த்தான். வலை போகவில்லை. கராஜ் விளக்கை எங்கே நகர்த்தினாலும் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்டம் கட்டி நின்றன.

"லிதியா!"

மனைவி கையில் மாவோடு ஓடி வந்தாள். "எதால துடைச்சீங்க?"

"துணியாலதான்."

"எந்தத் துணி?"

"அடுப்படியில தொங்கிச்சே, அது."

"தண்ணி ஊத்துனீங்களா?"

"லேசான தூசிதானேன்னு..."

லிதியா அதற்கு மேல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல் படாத கறுப்பு மெர்சிடிஸை, காய்ந்த தூசியோடு அடுப்படித் துணியால் தேய்த்த மனிதனிடம் கேட்க என்ன இருக்கிறது?

கார் அவர்களுடையது அல்ல. லிதியாவின் அப்பா ஜெனோனுடையது. நேற்று, வியாழக்கிழமை மாலை, அவரே ஓட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். பக்கத்து இருக்கையில் மாமியார் வான்டா. தெருமுனையில் திரும்பும்போதே அவள் குரல் வீட்டுக்குள் கேட்டது. "இடது... இன்னும் கொஞ்சம்... நேரா... போதும், பிரேக்! பிரேக்குங்கிறேன்!" வீட்டில் அவளுக்கு டிராஃபிக் போலீஸ் என்று பெயர். இந்த இரண்டு வருஷமாக வியாதி முற்றிவிட்டது. மனுஷன் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாரோ என்று மிரெக் மாமனாருக்காகப் பரிதாபப்படுவான்.

இறங்கிய ஜெனோன் வாசலில் நின்ற மிரெக்கைப் பார்த்து, "என்ன போகுஸ், நல்லாருக்கீங்களா?" என்றார். போகுஸ் என்பது மூத்த மருமகன். மிரெக்கின் சகலை.

"நான் மிரெக், மாமா."

"ஓ, மிரெக்கா."

வேண்டுமென்றே செய்கிறார் என்று மிரெக்குக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் தன் தீர்ப்பைச் சொன்னார்.

"எனக்கு வண்டி ஓட்டி அலுத்துப்போச்சு மாப்ள. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியார் வண்டிகளை மந்திரிப்பாரில்ல, அங்க கொண்டாங்க. நான் குடுத்தது குடுத்த மாதிரி இருந்தா, வண்டிக்காரங்களைக் காக்கிற புனித கிறிஸ்டோபர் சாட்சியா சாவி உங்களுக்கு. ஒரு கீறல் இருந்தாலும் போகுஸுக்கு."

பிறகு காரைச் சுற்றி நடந்தார். பானெட், கதவு, டிக்கி என்று உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். குதிரை வாங்குபவர் தடவுவதுபோல இருந்தது.

மிரெக்குக்கு அந்தக் கார் வேண்டும். அவர்களுடைய பழைய கார் மே மாதமே படுத்துவிட்டது. திங்கட்கிழமை லிதியாவுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள மருத்துவமனையில் வேலை. ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான் கிளம்பும். மூன்று வருஷம் அலைந்து கிடைத்த வேலை. போகுஸுக்கோ டைல்ஸ் கடை வாசலில் பந்தாவாக நிறுத்தத்தான் கார்.

"போங்க. தார்னூவ் ரயில் ஸ்டேஷன் பக்கத்துல பாலிஷ் மெஷின் வாடகைக்குத் தர்றவர் இருக்கார். வலையை எடுத்துடலாம்," என்றாள் லிதியா.

கடைக்காரர் ஆல்ஃபோன்ஸ் இரண்டு மெஷின்களை மேஜைமேல் வைத்தார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன.

"ரெண்டுமே தன்னையும் சுத்தும், வட்டமும் போடும் தம்பி. ஆனா குணம் வேற. இது சாது. ரொம்ப அழுத்தினா நின்னுடும். பெயிண்ட்டை அவ்வளவு சுலபமா சுடாது, ஆனா நேரம் எடுக்கும். அது பல்சக்கரம் வச்சது. யார் தடுத்தாலும் நிக்காது. ரெண்டு இழுப்புல கீறல் போயிடும். ஓரத்துல மட்டும் ஜாக்கிரதை, பெயிண்ட்டும் சேர்ந்து போயிடும். உனக்கு எது?"

இந்தக் கேள்வியை மிரெக்கிடம் கேட்டிருக்கக் கூடாது. மூன்று வகை ரொட்டி இருந்தால் இருபது நிமிடம் நிற்கிறவன் அவன். கல்யாணம்கூட லிதியா முடிவெடுத்ததால்தான் நடந்தது.

"எது நல்லது?"

"சாது நல்லது. முரடு சீக்கிரம்."

"எனக்கு நல்லதாவும் இருக்கணும், சீக்கிரமாவும் இருக்கணும்."

ஆல்ஃபோன்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ரெண்டையும் தூக்கிட்டுப் போ. பானெட் நடுவுல டேப் ஒட்டி, பக்கத்துக்கு ஒண்ணா ஓட்டிப் பாரு. யாருக்குக் காட்டப்போற?"

"மாமனாருக்கு. அவர் கையால தடவிப் பார்ப்பார்."

"தடவிப் பார்ப்பாரா?" ஆல்ஃபோன்ஸின் முகம் மாறியது. "தம்பி, கண்ணால பார்க்கிறவனை ஏமாத்தலாம். தடவிப் பார்க்கிறவன் பழந்தின்னு கொட்டை போட்டவன். ஜாக்கிரதை."

மிரெக் இரண்டு மெஷினையும் தூக்கிக்கொண்டான்.

வெள்ளி மாலைக்குள் பானெட்டின் நடுவே டேப் ஏறியது. இடது பாதியில் சாதுவை ஓட்டினான். வலை மெல்ல மங்கியது. ஆனால் பானெட் வளையும் இடத்திலெல்லாம் சாது சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கியது. வலது பாதியில் முரடனை ஓட்டினான். வலை மாயமாகிவிட்டது. அதற்குப் பதிலாக மூச்சு விட்ட கண்ணாடிபோல ஒரு புகை படிந்தது.

டேப்பை உரித்ததும் லிதியா இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, ரெண்டு காரை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு."

"எந்தப் பாதி நல்லாருக்கு?"

"நடுவுல உள்ள கோடுதான் நல்லாத் தெரியுது."

சனிக்கிழமை காலை கோட்டை அழிக்க முழு பானெட்டிலும் முரடனை ஓட்டினான். புகையை எடுக்கச் சாதுவை ஓட்டினான். பானெட் தேங்கிய தண்ணீர்போல மின்னியது. அவனுக்கே பெருமை தாங்கவில்லை. லிதியாவைக் கூப்பிட்டான்.

"பானெட் புதுசா இருக்கு. அதனால மத்ததெல்லாம் கிழடா இருக்கு," என்றாள் அவள்.

கதவுகளை ஓட்டினான். கதவு மின்ன, கூரை மங்கியது. கூரை மின்ன, டிக்கி மங்கியது. மத்தியானம் செர்ரி வைத்த பியெரோகிக் கொழுக்கட்டையை லிதியா வாயில் ஊட்டிவிட, அவன் மெஷினை விடாமல் சுற்றினான். மூன்று மணிக்குக் கார் முழுக்க ஒரே மின்னல். பானெட்டின் முன் ஓரத்தில் மட்டும் ஒரு முடி அகலத்துக்குக் கீறல் மிச்சம்.

விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"முரடனை ஒரே ஒரு தடவை," என்றான்.

ஒரே ஒரு தடவைதான். கீறல் போனது. அதோடு கறுப்பும் போனது. அடியிலிருந்து ஒரு பட்டாணி அளவு வெள்ளை அவனைப் பார்த்தது.

பிறகு லிதியா உள்ளே போய்க் கறுப்பு நகப்பூச்சு கொண்டுவந்து ஒரு சொட்டு வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. மிரெக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினான்.

"புடைச்சிருக்கு. மாமா கைக்கு அகப்பட்டுடும்!"

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தான். புடைப்பு போனது, பூச்சு போனது, சுற்றியிருந்த கறுப்பும் போனது. பட்டாணி முட்டையாயிற்று. ஓரம் தட்டுப்பட்டதால் இன்னும் தேய்த்தான். கடைசியில் தேநீர்க்கோப்பைத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம், மழமழவென்று, பளிங்குபோல நின்றது.

"கைக்கு இப்ப ஒண்ணுமே தெரியல," என்றான் மிரெக்.

"கண்ணுக்கு?" என்றாள் லிதியா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரே ஒரு வேலைங்க. ஒரே ஒரு வேலை கிடைச்சுது எனக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினின் வயரைச் சுற்றினான்.

அந்த நேரம் பார்த்தா போகுஸ் வர வேண்டும்? கராஜ் கதவில் சாய்ந்து நின்றான்.

"என்ன சகல, உதவி ஏதாவது..." பார்த்துவிட்டான். "அய்யய்யோ!" குரலில் துக்கம் இருந்தது, முகத்தில் இல்லை. "அய்யய்யய்யோ!"

"போகுஸ், யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன்? மாமா கேட்டா மட்டும் எனக்குப் பொய் சொல்ல வராது, அவ்வளவுதான்." விசிலடித்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. ஜூலை வெயில். தேவாலய வாசலில் கார்கள், டிராக்டர்கள், சைக்கிள்கள், ஒரு குழந்தை வண்டி எல்லாம் வரிசையில் நின்றன. வாளியும் கையுமாகப் பங்குத்தந்தை ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். நுழைவில் கிறிஸ்டோபர் படம் போட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். லிதியா இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கி, வெள்ளை வட்டத்தின்மேல் அறைந்து ஒட்டினாள். சரியாக மூடியது.

போகுஸின் காரில் வந்து இறங்கினார் ஜெனோன். வான்டா அவர் கையோடு கை கோத்திருந்தாள். இந்த வயதில் இவ்வளவு கொஞ்சலா என்று வேறு நாளாக இருந்தால் மிரெக் சிரித்திருப்பான்.

"எங்க என் வண்டி?"

"இங்கதான் மாமா, உங்க முன்னாடி."

ஜெனோன் உள்ளங்கையை வைத்தார். டிக்கி. கதவு. "ம்ம்." இன்னொரு கதவு. "ம்ம்ம்." பானெட். கை முன் ஓரத்துக்கு நகர்ந்தது. மிரெக்கின் சட்டை முதுகில் ஒட்டியது. கை ஸ்டிக்கரில் நின்றது.

"என்ன இது?"

"புனித கிறிஸ்டோபர், மாமா."

"பானெட்லயா?"

"முன்னாடி நின்னு வழி காட்டட்டும்னு..."

"வழி காட்டுறது இருக்கட்டும்," என்றான் போகுஸ். "மாமா, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்க!" ஒரே இழுப்பில் ஸ்டிக்கரை உரித்தான்.

வெள்ளை வட்டம் நடுப்பகல் வெயிலில் பளீரென்று அடித்தது. பின்னால் டிராக்டர்க்காரர் "யேசுவே!" என்றார். பங்குத்தந்தையின் கை அந்தரத்தில் நின்றது. லிதியா மிரெக்கின் விரல்களைப் பிடித்து நெரித்தாள்.

ஜெனோன் குனிந்தார். மூக்கு கிட்டத்தட்ட பானெட்டில் படும்வரை குனிந்தார். உள்ளங்கையால் வட்டத்தைத் தடவினார். மறுபடி தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு," என்றார். "வாங்கின அன்னிக்குக்கூட இப்படி இல்ல."

போகுஸின் வாய் திறந்தது. "மாமா, அங்கதான் பெருசா வெ..."

"போகுஸ்." வான்டாவின் குதிகால் செருப்பு அவன் காலில் ஏறி நின்றது. "மாமா பார்த்துட்டார். வாயை மூடுங்க."

சாவி மிரெக்கின் கைக்கு வந்தது. அவன் மேலேயும் தீர்த்தம் விழுந்தது. கனவா என்று கேட்கக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு பெரிய மனசு! எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஊர் முன்னால் மருமகனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய மனுஷன்! இவரைப்போய் இத்தனை வருஷம் கஞ்சன், கறார் என்று திட்டினோமே என்று கண் கலங்கினான்.

விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ஜெனோன் லிதியாவோடு பின்னால் ஏறி, உட்கார்ந்ததும் குறட்டை விட்டார். வான்டா வழக்கம்போல் முன்னால்.

"மெதுவா... வலது பக்கம் சைக்கிள்... சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க... இப்ப பச்சை... இடது... இன்னும் கொஞ்சம்..."

மூன்று சிக்னல் வரை மிரெக் பொறுத்தான்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியுது."

வான்டா திரும்பிக் குறட்டையைச் சரிபார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குத் தெரியுது மாப்ள. ரெண்டு வருஷமா தெரியாதவரை ஓட்ட வச்சுக் கூட்டிட்டுப் போயே எனக்கு வாய் பழகிடுச்சு."