குரல் கசிவு

"ஏங்க, கேக்குதா?"

கேட்டது. அதுதான் பிரச்சினை.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மிக்ஸி ஓடிய சத்தம் கேட்கவில்லை. மாடி வீட்டில் சுவரைக் குடைந்துகொண்டிருந்த டிரில் மெஷின் கேட்கவில்லை. தெருவில் குப்பை லாரி ரிவர்ஸ் எடுத்தபோது போட்ட கூச்சல்கூடக் கேட்கவில்லை. அத்தனையையும் விழுங்கி ஏப்பம் விட்ட ஹெட்போன், சமையலறையிலிருந்து வந்த மனைவியின் குரலை மட்டும் அட்சரம் பிசகாமல் உள்ளே விட்டிருந்தது.

அவருக்கு உத்தியோகமே இதுதான். ஹெட்போன் விற்கும் கம்பெனியில், ஒவ்வொரு மாடலும் கடைக்குப் போகும்முன் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, சௌகரியத்துக்கு இத்தனை, ஒலித் தரத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். காது மடல் வலிக்கிறதா, மண்டையை இறுக்குகிறதா, வேர்க்கிறதா, மூக்குக்கண்ணாடியோடு சண்டை போடுகிறதா என்று எல்லாம் பார்ப்பார். ஆபீசில் அவருக்குப் பெயர் காதுக்காரர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் அந்தக் காதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே?"

"கேக்கக் கூடாதும்மா. கேட்டா மார்க் குறையும்."

"நான் பேசறது உங்களுக்குக் கேட்டா மார்க் குறையுமா?"

"உனக்கில்ல. ஹெட்போனுக்கு."

இதைக் கேட்டு நிம்மதிப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவள் திரும்பிப் போனாள். அவர் 'குரல் கசிவு உள்ளது' என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பினார்.

மறுநாள் மேனேஜர் போன் செய்தார். "காதுக்காரரே, எந்த மாடல் குடுத்தாலும் குரல் கசிவு, குரல் கசிவுன்னே எழுதறீங்க. யார் குரல் சார் அது?"

"வீட்டுல... என் மிசஸ் குரல்."

"சும்மா கசியுதுன்னா எப்படி? எவ்வளவு தூரத்துல, எவ்வளவு சத்தத்துல கசியுதுன்னு பாத்து எழுதுங்க."

அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். "நீ பேசணும். நான் கேக்கணும்" என்றார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதுக்குப் பிறகு அவர் இந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேங்க. கொஞ்ச நாளா எனக்கு..."

"அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாம். சொந்த விஷயம்னா என் கவனம் அதுல போயிடும். இந்தா, இதைப் படி." வாஷிங் மெஷினோடு வந்த புத்தகத்தை நீட்டினார்.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு படித்தாள். முதலில் ஹாலிலிருந்து. பிறகு சமையலறையிலிருந்து. பிறகு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து.

"இன்னும் சத்தமா!" என்று இவர் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா பயந்துபோய் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "என்னக்கா, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. வெள்ளைத் துணியையும் கலர் துணியையும் சேத்துப் போடக் கூடாதாம்" என்றாள் இவள், மூச்சு வாங்க.

இப்படியே சில நாள் ஓடியது. வாஷிங் மெஷின் முடிந்து ஃபிரிட்ஜ் புத்தகத்துக்கு வந்தார்கள். அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. நடுநடுவே இருமினாள்.

"உன் குரல் மாறிக்கிட்டே போகுது. நேத்து வெச்ச அளவெல்லாம் வீணாப் போச்சு" என்று அவர் சலித்துக்கொண்டார்.

"தொண்டை எரியுதுங்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

சொன்னவர் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவள் புத்தகத்தை மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் புது மாடல் வந்தது. காலையிலேயே மாட்டிக்கொண்டு, முழுச் சத்தத்தில் பாட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். மெத்து மெத்தென்ற காதுமூடி. எடையே தெரியவில்லை. யாரோ தோளைத் தொட, கண்ணைத் திறந்தார். மனைவி கையில் பையோடு நின்றாள். பக்கத்தில் தையல்காரம்மா. மனைவியின் உதடு அசைந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை! அவருக்கு உடம்பு புல்லரித்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். ஏதோ கடைக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் பொழுது சாய்ந்து திரும்பினார்கள். இப்போது பாட்டை நிறுத்திவிட்டுச் சோதித்தார். மனைவியின் உதடு அசைந்தது. குரல் வரவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

ஒரே ஒரு விசித்திரம். மிக்ஸி கேட்டது. டிரில் மெஷின் கேட்டது. சாப்பிட வரச்சொல்லி அவள் தட்டில் கரண்டியால் டங் டங்கென்று தட்டியது நன்றாகவே கேட்டது. குரல் மட்டும்தான் இல்லை. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். காதுக்காரர் நிபுணர் அல்லவா, அதனால் சந்தேகப்படவில்லை. 'மற்ற ஒலிகளை விட்டுவிட்டு மனிதக் குரலை மட்டும் அடியோடு நீக்கும் அபூர்வத் தொழில்நுட்பம்' என்று எழுதி, நூற்றுக்கு நூறு போட்டார். அந்த வாரம் முழுக்கக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அதைக் கழற்றவே இல்லை.

மேனேஜர் அதை வாங்கி மாட்டிப் பார்க்க வீட்டுக்கு எடுத்துப் போனார்; காதுக்காரர் அன்று ராத்திரி அடுத்த மாடலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் முகம் கடுகடுவென்று வந்தார்.

"காதுக்காரரே, இதை மாட்டிக்கிட்டு என் மாமியார் முன்னாடி போய் உக்காந்தேன். அவங்க என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணு விடாம கேட்டுச்சு. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு அவங்க பேசினதுக்கு, நான் வேற சிரிச்சுக்கிட்டே தலையாட்டித் தொலைச்சேன். இப்ப வீடே ரெண்டு பட்டுக் கிடக்கு!"

"இருக்காது சார். என் வீட்டுல ஒரு வாரமா சத்தமே இல்ல."

இருவரும் சர்வீஸ் மெக்கானிக்கிடம் போனார்கள். அவன் காதுமூடியைப் பிரித்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்ளே காட்டினான்.

"சார், வெளிச் சத்தத்தைப் பிடிக்கிற மைக்குக்கு ஒயரே பத்தவைக்கல. பாட்டு மட்டும்தான் வரும். சத்தத்தைத் தடுக்கிற வேலையே இதுல நடக்கல."

"அப்ப இத்தனை நாளா குரல் கேக்காம இருந்ததே?"

"யாராவது பேசியிருந்தா கேட்டிருக்கும் சார்" என்றான் அவன்.

மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காதுக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. வாயை மூடிக்கிட்டு இரு என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. உதட்டை அசைத்து அசைத்து வாய்க்குள்ளேயே திட்டியிருக்கிறாள். தட்டில் கரண்டியைப் போட்டு அடித்ததெல்லாம் கோபத்தில். ஒரு வாரம் ஒரு மனுஷி ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறாள், இவர் அதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறார். அவருக்குத் தன்னை நினைக்கவே கேவலமாக இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

காதில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அந்த அமைதி அவருக்குக் கேட்டது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே "வந்துட்டீங்களா?" என்று ஒரு குரல் வரும். அதைத்தான் அவர் கசிவு என்று எழுதியிருந்தார்.

மனைவி சமையலறையில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவரை அந்நேரத்தில் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"தப்பு என் மேலதாம்மா" என்றார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. "வாயை மூடுன்னு உன்னைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ பேசாம இருந்ததைக்கூட மெஷினோட சாமர்த்தியம்னு நினைச்சேன். அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தே, கேக்காம புத்தகத்தைத் தூக்கிக் குடுத்தேன். இப்பச் சொல்லு. இல்ல, திட்டவாவது திட்டு. ஒரு வார்த்தை பேசும்மா, போதும்."

அவள் முதலில் திகைத்தாள். பிறகு அவளுக்குக் கண் கலங்கியது. வாயைத் திறக்கப் போனவள், சட்டென்று மூடிக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அவ்வளவு கோபமா?" அவர் குரல் உடைந்துவிட்டது.

அவள் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் ஓயாமல் கேட்ட குரல் இனி எப்போது கேட்கும் என்று தெரியவில்லை.

வாசல் கதவு திறந்தது. தையல்காரம்மா மருந்துக்கடைப் பையோடு உள்ளே வந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று அவர் கை கூப்பாத குறையாகக் கேட்டார். "என்கிட்ட ஒரு வாரமா பேச மாட்டேங்கறா. கோபத்தை விடச் சொல்லுங்க."

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"கோபமாவது ஒண்ணாவது அண்ணே, கத்திக் கத்திப் பேசித் தொண்டையில வந்த கட்டியை போன வாரம்தானே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, டாக்டர் தொண்டையிலேருந்து ஒரு சத்தம்கூட வரக் கூடாதுன்னுட்டாரு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப அக்கா 'பயமா இருக்கு, கூட வர்றீங்களா'ன்னு உங்களைக் கேட்டதுக்கு, நீங்கதானே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீங்க!"