முடிவு ஜெபம்

கண்ணை மூடிக்கொண்டு நிர்வாகம் செய்தவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் உண்டு. எல்லார் முன்னிலையிலும், கைகளைக் கூப்பியபடி, உரத்த குரலில் அதைச் செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்குப் பெயர் ‘முடிவு ஜெபம்’. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கே ஆள் யாரென்று விளங்காது.

எண்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். இரண்டு ஊர்களையும் சுற்றியிருந்த கிராமங்களையும் சேர்த்து எங்கள் சபைகளுக்கு ஒரு வட்டாரப் பேரவை இருந்தது. அதன் கீழே சில பள்ளிக்கூடங்கள், ஒரு மருந்தகம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங். வேகமாக எழுதுவேன் என்பதால் பேரவைக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு ஓட்டு கிடையாது. காபியும் காராச்சேவும் உண்டு.

எங்கள் கூட்டங்கள் ஜெபத்தில் ஆரம்பித்து ஜெபத்தில் முடியும். ஜெபம் பண்ணுகிறவரை யாரும் குறுக்கே பேசித் தடுக்க முடியாது. இந்த வசதியை எங்கள் பெரியவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து “நீர் பொய் சொல்கிறீர்” என்றால் சண்டை வரும். கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, பொய் பேசுகிற நாவு எதுவென்று நீர் அறிவீர்” என்றால், அந்த நாவுக்குச் சொந்தக்காரரும் சேர்ந்து ஆமென் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கலையில் முடிவு ஜெபத்தை மிஞ்ச ஆள் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் தறியிலிருந்து ஒட்டிக்கொண்ட பஞ்சு. கூட்டம் முழுக்க வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் அது காராச்சேவுக்காக. கடைசியில், தலைவராக இருந்த ஐயர் அவர் பக்கம் திரும்பித் தலையசைப்பார். (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம்.) அப்போதுதான் உண்மையான கூட்டம் ஆரம்பிக்கும்.

ஒரு தடவை, கிராமங்களுக்குப் போய்வரப் பழைய ஜீப் ஒன்றை வாங்குவதென்று காலை முழுவதும் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். முடிவு ஜெபம் எழுந்தார்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். ஜீப்பு வாங்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். நல்ல ஜீப்புதான். ஆனா, அம்புட்டு நல்ல ஜீப்ப அந்த மனுசன் எதுக்கு விக்கான்னு உமக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியல. அதனால அது வேண்டாம்ங்கிற மனச எங்களுக்குத் தாரும்.”

எல்லாரும் “ஆமென்” என்றார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஜீப்ப அடிச்சிருங்க.”

“தீர்மானம் போட்டாச்சே அய்யா?”

“பொறவு ஆமென்னும் சொல்லியாச்சுல்லா? எது பெருசு?”

பதினைந்து பெரிய மனிதர்கள் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஜீப் அடிபட்டது. அன்றிலிருந்து அது எங்கள் பேரவையில் எழுதாத சட்டமாகிவிட்டது. தீர்மானம் என்ன சொன்னாலும், ஆமென் எங்கே விழுந்ததோ அதுதான் முடிவு.

வெளியிலும் அவர் இப்படித்தான். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிரயாணத்துக்காக ஜெபிப்பார். கண்டக்டர் காதர் பாய் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். “அய்யா, டிரைவர் வரைக்கும் வந்துட்டியளா, இல்ல இன்னும் டயருக்குத்தான் ஜெபிச்சிட்டு இருக்கியளா?” என்று கேட்பார். வன்னியம்பட்டிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் வேண்டுமென்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். பந்திக்கு முன் ஜெபிக்கச் சொன்னதும் இவர், “ஆண்டவரே, மாப்பிள்ளைக்கு நடந்து போக நல்ல காலு ரெண்டு குடுத்திருக்கீர், ஸ்தோத்திரம்” என்றார். மாப்பிள்ளையே ஆமென் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் பேச்சு எழவில்லை.

இவ்வளவும் வேடிக்கையாகத்தான் இருந்தது, எங்கள் நிர்வாகச் செயலர் ஓய்வுபெறும் வரைக்கும். பள்ளிகள், மருந்தகம், போர்டிங் எல்லாம் அந்த ஒருவர் கையெழுத்தில் ஓடின. அவர் போனபின் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. மதுரையிலிருந்த மேலிடம் பொறுமை இழந்து சொல்லி அனுப்பியது: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதிய செயலரைப் போடாவிட்டால் அலுவலகத்தை மதுரையோடு சேர்த்துவிடுவோம், போர்டிங்கை மூடிவிட்டு, பிள்ளைகளுக்கு மதுரை விடுதியில் இடம் தருவோம்.

போர்டிங் மேட்ரன் அன்னபாக்கியம் இதைக் கேட்டுவிட்டு நேராகக் கூட்டத்துக்கே வந்தார்.

“மதுரைக்கு எவ அனுப்புவா? சுந்தரபாண்டியத்துல இருந்தும் மகாராஜபுரத்துல இருந்தும் வாரதுக பூராவும். பஸ்ஸு ஏறிச் சாயங்காலத்துக்குள்ள வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போகலாம்னுதான் இங்க விடுதாவ. இது மூடுனா தீப்பெட்டி ஆபீசு வேலைக்குத்தான் அனுப்புவாவ.”

விளம்பரம் கொடுத்தார்கள். விண்ணப்பங்கள் வந்தன.

முதலில் வந்தவர் மதுரையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டதற்கெல்லாம் மணிமணியாகப் பதில் சொன்னார். பேட்டி எடுத்த குழுவுக்குப் பரம திருப்தி. வந்தவரை ஜெபிக்காமல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அவரையும் இருத்தி வைத்துக்கொண்டு முடிவு ஜெபத்தை எழுப்பினார்கள்.

“ஆண்டவரே, நல்ல மனுசன அனுப்பியிருக்கீர். அனுபவஸ்தர். ஆனா, வந்து உக்காந்ததுல இருந்து கடிகாரத்தையே பாத்துட்டு இருக்காவ. மதுர பஸ்ஸ விட்டுருவோமோன்னு அவியளுக்கு விசாரம். தெனமும் இந்த விசாரம் அவியளுக்கு வேண்டாம். வீட்டுலயே சமாதானமா வச்சிக்கிரும்.”

வங்கி அதிகாரியும் பக்தியோடு ஆமென் சொன்னார். தான் நிராகரிக்கப்பட்டதற்குத் தானே ஆமென் சொன்னோம் என்பது பஸ் ஸ்டாண்டு போனபிறகுதான் அவருக்கு உறைத்திருக்கும்.

அடுத்து பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூர் உறுப்பினர்களின் தலைவரான ஹெட்மாஸ்டருக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. முன்ஜாக்கிரதையாக ஆரம்ப ஜெபத்திலேயே, “கர்த்தாவே, நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிற வாய்களை இன்றைக்குக் கட்டிப்போடும்” என்று வேண்டிக்கொண்டார். முடிவு ஜெபமும் அதற்கு எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். பிறகு தன் முறை வந்ததும், “ஆண்டவரே, வாத்தியாரு நல்லாப் பேசுதாவ. ஆனா, நாங்க கேட்டது ஒரு கேள்வி. அவிய சொன்னது ஒரு மணி நேரம். எங்களுக்கு ஏற்கெனவே ஹெட்மாஸ்டர் இருக்காவ. ரெண்டு பேரத் தாங்க இந்தப் பேரவைக்குப் பெலன் இல்ல” என்றார்.

ஆமென் விழுந்தது. ஹெட்மாஸ்டர் மட்டும் சொல்லவில்லை. பெரும்பான்மை போதும்.

அன்று வாசலிலேயே மேட்ரன் முடிவு ஜெபத்தை மறித்தார்.

“அய்யா, எல்லாத்துக்கும் ஒரு ஆனா வச்சிருக்கியளே. வாரவுகள எல்லாம் ஜெபம் பண்ணிப் பண்ணியே வெரட்டுதிய. நீங்க ஜெபிச்சே எங்க போர்டிங்க மூடிருவிய போலுக்கே.”

“சும்மா கெட தாயி. தப்பான ஆளப் போட்டாலும் மதுரக்காரன் மூடத்தான் செய்வான்.”

“சரியான ஆளு வானத்துல இருந்தா வருவாவ?”

அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். கேள்வி அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். அன்று ராஜபாளையம் பஸ் ஜெபம் இல்லாமலே கிளம்பியதாகக் காதர் பாய் பிறகு சொன்னார்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோது மூன்றாவது ஆள் வந்தார். கோவில்பட்டியைச் சேர்ந்த சாந்தகுமாரி. நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவர், ஒரு நூற்பாலையில் அலுவலக மேலாளர். விண்ணப்பத்தில் ‘எஸ். குமாரி’ என்று இருந்ததைக் குழுவில் யாரும் நிதானித்துப் படித்திருக்கவில்லை. பெண் என்பதே அவர் உள்ளே வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அதுவரை எங்கள் செயலர் நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. முந்தின நாளே வந்து போர்டிங்கில் தங்கியிருந்தார். மேட்ரன் அவரிடம் என்னென்ன சொல்லிவைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஊகிக்க முடியும்.

ஹெட்மாஸ்டர் கேட்டார்: “கிராமம் கிராமமாப் போகணும்மா. எப்படிப் போவீங்க?”

“பஸ்ல சார்.”

“பஸ் இல்லாத ஊருக்கு?”

“ஜீப் இல்லியாமே. நீங்கள்லாம் எப்படிப் போறீங்களோ அப்படித்தான்.”

ஐயர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

ஹெட்மாஸ்டர் விடவில்லை. “மில்லுல தொழிலாளிங்க சண்டைன்னா என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு பக்கமும் கேப்பேன். பொறவு நான் ஒண்ணு சொல்லுவேன். சொன்னத மாத்தமாட்டேன்.”

முடிவு ஜெபம் காராச்சேவை மென்றுகொண்டு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டி முடிந்தது. ஐயர் தயக்கத்தோடு அவர் பக்கம் தலையசைத்தார். அறை வாசலில் மேட்ரன், சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி நின்றிருந்தார். இந்தப் பெண்ணும் போய்விட்டால் வேறு விண்ணப்பம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முடிவு ஜெபம் எழுந்து கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்தச் சகோதரிய அனுப்பியிருக்கீர். நல்லாப் படிச்ச புள்ள. ஆளுகள வச்சி வேல வாங்கத் தெரிஞ்ச புள்ள. கேட்டதுக்கெல்லாம் நேராப் பதில் சொல்லுது. எங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பேரவைக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும். ஆனா...”

இழுத்தார். மூச்சு வாங்கினார்.

“ஆமென்” என்றது ஒரு பெண் குரல். தெளிவாக, தயக்கமில்லாமல்.

எத்தனையோ வருஷப் பழக்கம். அறை முழுவதும் ஒரே மூச்சில் “ஆமென்” என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக வாசலிலிருந்து மேட்ரனின் ஆமென் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டார். அதற்கப்புறம்தான் நடந்தது என்னவென்று எல்லாருக்கும் விளங்கியது.

முடிவு ஜெபம் கண்ணைத் திறந்தார். “யாரு சொன்னா?”

“நான்தான் அய்யா” என்றார் சாந்தகுமாரி.

“நான் இன்னும் முடிக்கலம்மா.”

“மன்னிச்சிக்கிடுங்க அய்யா. இப்படி ஒரு ஆளு வேணும்னு சொன்னீங்க. அதுக்கு மேல ஆண்டவர்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணுமில்ல.”

முடிவு ஜெபம் ஐயரைப் பார்த்தார். “செத்த நேரம் இன்னொரு ஜெபம்...”

“ஒரு கூட்டத்துக்கு ஒரு முடிவு ஜெபம்தான் அய்யா” என்றார் ஐயர்.

ஹெட்மாஸ்டர் அந்த நாளுக்காகப் பல வருஷம் காத்திருந்தவர். “அய்யா, தீர்மானம் பெருசா, ஆமென் பெருசா?” என்று கேட்டார்.

தான் போட்ட சட்டத்தைத் தானே உடைக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குத்தான் நாங்கள் எல்லாரும் பயந்தோம். அவர் தோளிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எழுதுங்க.”

“என்னன்னு அய்யா?”

“என்னன்னா? நான் ஜெபிச்சத எழுதுங்க. ஆனாவ மட்டும் விட்டுருங்க.”

மேட்ரன் அங்கேயே, வாசற்படியில், உட்கார்ந்து அழுதுவிட்டார்.

சாந்தகுமாரி அடுத்த வாரமே பொறுப்பேற்றார். மதுரையிலிருந்து பிறகு பேச்சில்லை. ஜூன் மாதம் போர்டிங் வாசலில் தகரப் பெட்டிகளோடு பிள்ளைகள் வந்து இறங்கின. புதிய செயலர் முடிவு ஜெபத்தை நிறுத்தவில்லை. கூட்டங்களில் தன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஜெபம் ‘ஆனா’வை நெருங்கும்போது அம்மையார் தொண்டையைச் செருமுவார். அவரும் சுதாரித்துக்கொள்வார். எங்கள் கூட்டங்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிய ஆரம்பித்தது அப்போதுதான்.

தொண்ணூறுகளில் ஒருநாள் மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முடிவு ஜெபத்தின் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கண் மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன்.

“அய்யா, அன்னைக்கு ஆனான்னு என்ன சொல்ல வந்தீங்க?”

சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“ஒம்மகிட்டச் சொல்லுதேன், பேப்பர்ல போட்டுராதயும். எனக்கு மொதல்ல ஆனாதான் வரும். பொறவுதான் காரணத்தத் தேடுவேன். எப்பவும் ஒண்ணு கிடைச்சிரும். அன்னைக்குத் தேடுதேன், தேடுதேன், ஒண்ணும் ஆப்பிடல. கெடந்து முழிக்கேன். அதுக்குள்ள அந்தப் புள்ள என்னயக் காப்பாத்திட்டு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு போர்டிங்கைப் பற்றிக் கேட்டார். இந்த வருஷம் இடமில்லாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றேன். “திருப்பி அனுப்பவா? அது தப்புல்லா” என்று ஆரம்பித்து, இன்னொரு அறை எங்கே கட்டலாம், ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று விரல்களால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி வெளியே பார்த்தார்.

“ஏன்யா, ஸ்ரீவில்லிபுத்தூர் போயி எம்புட்டு நேரமாச்சு. நீரு எறங்கலையா?”

“ராஜபாளையத்துல ஒரு நியூஸ் எடுக்கணும் அய்யா” என்றேன்.

அன்று ராஜபாளையத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.